ஊறுகாய் பாட்டிலுக்கு ஈடாக ஒரு கல்

போன மாதம் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் குதிரைகளோடு நடந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களை எல்லாம் ஆசிரியர் ஒரு உறையில் போட்டு அனுப்பி, “நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்” என்றுவிட்டார். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திண்டுக்கல்லில் முப்பது வருஷம் பூகோளம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அந்தப் பாதையில் 2012, 2016, 2023 என மூன்று தடவை போயிருக்கிறேன். மருத்துவர் இல்லை, பெரிய மலையேற்ற வீராங்கனையும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டீச்சர், எனக்கு 44 வயது. வெள்ளியங்கிரி ஏழாவது மலை வரை நான்கு முறை ஏறியிருக்கிறேன். மார்க்கா போக இது போதுமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

காலுக்குப் போதும். வெள்ளியங்கிரிப் படிகளில் இறங்கித் தாங்கிய முட்டி மார்க்காவிலும் தாங்கும். அங்கே பாதையின் பெரும்பகுதி ஆற்றோரமாகவே போகிறது, அவ்வளவு செங்குத்தெல்லாம் இல்லை.

மூச்சுக்குத்தான் பரீட்சை. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லடாக்கின் லே நகர விமான நிலையம் 3,250 மீட்டருக்கு மேல். நீங்கள் விமானத்தை விட்டு இறங்கி, பெட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற இடமே ஆனைமுடிக்கு ஐந்நூறு மீட்டர் மேலே! அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்க நம் பக்கத்தில் மலையே கிடையாது. லேயில் போய்தான் பழக்க வேண்டும். டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள், உடம்புக்கு அந்த வேகம் ஆகாது.

முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். குளிக்கக்கூட வேண்டாம் என்பேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். இரண்டாம் நாள் கடைத்தெருவில் மெதுவாக ஒரு சுற்று. மூன்றாம் நாள் சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறிப் பாருங்கள். நடுவில் நின்று நின்று போனாலும் பரவாயில்லை. தலைவலி இல்லாமல் இறங்கி வந்தால் நான்காம் நாள் கிளம்பலாம். சில்லிங் கிராமம் லே நகரத்தைவிடச் சற்றுத் தாழ்வு, அதனால் ஆரம்பம் இதமாகவே இருக்கும். அங்கிருந்து ஸ்கியு, மார்க்கா, ஹங்கர், தச்சுங்சே என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 4,700 மீட்டருக்கு மேல் இருக்கிற நிமாலிங் மேய்ச்சல் வெளியில் தங்கி, மறுநாள் காலை கொங்மாரு லா கணவாயைக் கடக்க வேண்டும். ‘லா’ என்றால் கணவாய். கிட்டத்தட்ட 5,200 மீட்டர். கடல் மட்டத்தில் நாம் இழுக்கும் ஒரு மூச்சில் இருக்கிற ஆக்சிஜனில் பாதியும் கொஞ்சமும்தான் அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும்.

நம் ஊரில் செய்ய வேண்டிய பயிற்சி என்று கேட்டால், தினமும் ஒரு மணி நேரம் நடங்கள், ஞாயிறு தோறும் ஐந்து மணி நேரம். வேகம் வேண்டாம். சொல்லப்போனால் வேகமாக நடக்கிறவர்களுக்குத்தான் அங்கே முதலில் தலை வலிக்கிறது.

நம் சுமையை நாமே தூக்காமல் வாயில்லா ஜீவன் முதுகில் ஏற்றுவது பாவமில்லையா?
– ஒரு வாசகர், சேலம்

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். ஏனென்றால் அந்தப் பாவத்தைச் செய்தவள் நான்.

2012. அப்போது சில்லிங் அருகே ஜான்ஸ்கார் ஆற்றைக் கடக்க இப்போது இருக்கிற பாலம் இல்லை. கம்பியில் தொங்குகிற ஒரு பெட்டியில் இரண்டு பேரை உட்கார வைத்து, கயிற்றால் அக்கரைக்கு இழுத்தார்கள். கீழே ஆறு சிமெண்டுக் குழம்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறுகரையில் குதிரைகள் காத்திருந்தன. குதிரைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோர் பையையும் ஒரு கையால் தூக்கி எடை பார்த்துக்கொண்டே வந்தார். என் பை வந்ததும் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்து இந்தியில், “உள்ளே என்ன, கல்லா?” என்றார்.

பதினேழு கிலோ. மற்றவர்கள் பை பத்து, பதினொன்று.

பொதிக்குதிரையின் சேணம் மரத்தில் செய்தது. அடியில் கம்பளி, மேலே மரச்சட்டம், இரண்டு பக்கமும் பை, நடுவில் கூடாரம் என்று வைத்துக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் எடை சரிசமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சட்டம் மெல்லச் சரியும், முதுகில் உரசும், மூன்றாம் நாள் புண்ணாகிவிடும். என் பைக்கு ஜோடி சேர்க்க அவரிடம் அவ்வளவு கனமான பை வேறு இல்லை. சமையல் பெட்டிகள், மண்ணெண்ணெய் கேன் எல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டன. மனிதர் ஆற்றங்கரைக்குப் போனார். ஒரு வழவழப்பான கல்லைப் பொறுக்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார், போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். அதைக் கோணிச் சாக்கில் சுற்றி, இலேசான பக்கத்தில் வைத்துக் கட்டிவிட்டார்.

என் பை கனத்ததற்காக அந்தக் குதிரை ஆறு கிலோ கல்லையும் சேர்த்துச் சுமந்தது. இரண்டு நாள். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மார்க்கா கிராமத்தில் கூடாரம் போட்டதும் பையைக் கவிழ்த்தேன். ஆவக்காய் ஊறுகாய், அதுவும் கண்ணாடி பாட்டிலில். பருப்புப் பொடி ஒரு கிலோ. தேங்காயெண்ணெய், குளிரில் கல்லாக உறைந்து கிடந்தது. இரண்டாவது ஜோடி ஷூ. தடிமனான ஒரு நாவல், அதை நான் திறக்கவே இல்லை. ஊறுகாயும் பொடியும் சமையல்காரரிடம் போயின. மிச்சத்தை அங்கே ஒரு வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை குதிரைக்காரர் என் பையைத் தூக்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், சாக்கை அவிழ்த்துக் கல்லை ஆற்றில் எறிந்தார். ‘சளக்’ என்று ஒரு சத்தம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சரி, பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு குதிரை நாற்பதிலிருந்து அறுபது கிலோ சுமக்கும். கழுதைக்கு அதைவிடக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். அந்த அளவுக்குள் இருந்து, மாலையில் மேய்ச்சலும் கிடைத்தால் அது துன்பப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. நம்மைவிட லாகவமாக ஏறுகிறது. கொடைக்கானல் மலைக் கிராமங்களில் குதிரையில் மூட்டை வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. துன்பம் எங்கே வருகிறது என்றால், அளவு மீறும்போது, சட்டம் சரியாமல் பார்த்துக்கொள்ளாதபோது. அதனால் உங்கள் பை பத்து கிலோவைத் தாண்டக் கூடாது. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், துணிப்பைதான். வீட்டிலேயே தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். சாயங்காலம் சேணத்தை இறக்கும்போது பக்கத்தில் போய் நின்று முதுகைப் பாருங்கள். வியர்வை ஈரம் இருந்தால் அது சகஜம். முடி உதிர்ந்த திட்டு, சிவந்த தோல், ஈ மொய்க்கிற புண் இருந்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அந்தக் குதிரைக்கு மறுநாள் சுமை வேண்டாம் என்று. காசு கொடுத்துப் போகிறவர் சொன்னால் எடுபடும்.

காலையில் வார் இறுக்குவதையும் ஒரு நாள் பார்க்க வேண்டும். குதிரை கில்லாடி. வாரை எடுத்ததும் மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும், பிறகு காற்றை விட்டால் வார் தளர்ந்துவிடும் என்று அதற்குத் தெரியும். குதிரைக்காரருக்கும் அது தெரியும். ஒரு தரம் இறுக்கிவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி வேறு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நிற்பார். அது அசந்து மூச்சு விட்டதும், முழங்காலை விலாவில் கொடுத்து, கயிற்று நுனியைப் பல்லில் கடித்து ஒரே இழு. தினமும் இதே நாடகம், தினமும் அவர்தான் ஜெயிப்பார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போட்டால் கடைப்பிடிப்பார்களா?
– ஒரு வாசகர், சிவகாசி

நீங்கள் ஏழுக்குக் கிளம்பலாம். குதிரைகள் எப்போது கிளம்பும் என்பது அவை ராத்திரி எவ்வளவு தூரம் மேயப் போயின என்பதைப் பொறுத்தது. இரவில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். விடியற்காலையில் குதிரைக்காரர் மலைச்சரிவில் மணிச் சத்தத்தைத் தேடிக்கொண்டு போவார். சில நாள் அரை மணியில் வந்துவிடும், சில நாள் ஒன்பது மணியாகும். கிராமத்தை ஒட்டித் தங்கினால் அவருக்கு ராத்தூக்கமே கிடையாது. பார்லி வயலுக்குள் ஒரு குதிரை புகுந்தால் போதும், மறுநாள் பஞ்சாயத்துதான். வயலைச் சுற்றிக் கல்சுவர் வைத்து, மேலே முள்ளைப் பரப்பி வைத்திருப்பதெல்லாம் இவற்றுக்காகத்தான்.

எப்படியும் நடுவழியில் உங்களைத் தாண்டிப் போய்விடும். மணிச் சத்தம் பின்னால் கேட்டதும் ஒதுங்குங்கள், ஆனால் மலைப்பக்கமாக. பள்ளத்தின் பக்கம் நிற்கவே கூடாது. குதிரைக்குத் தன் உடம்பின் அகலம் தெரியும், முதுகில் இருக்கிற பையின் அகலம் தெரியாது.

“யாக் பால் குடித்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். யாக் என்பது ஆண். காளை மாட்டில் பால் கறந்த மாதிரி இருக்கிறதே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

மாட்டிக்கொண்டேன்! நீங்கள் சொன்னதே சரி. அந்தச் சடைமுடி மலை மாட்டினத்தில் ஆண்தான் யாக், பெண்ணுக்கு லடாக்கியில் ‘தெமோ’ என்று பெயர். யாக்கையும் நாட்டு மாட்டையும் சேர்த்தால் பிறப்பது ஆணாக இருந்தால் ‘ஜோ’, பெண்ணாக இருந்தால் ‘ஜோமோ’. ஜோ மலடு, ஆனால் உழவுக்கும் சுமைக்கும் ரொம்ப உதவும். ஜோமோ ஈனும், நன்றாகப் பாலும் கறக்கும். நிமாலிங்கில் நான் குடித்தது பெரும்பாலும் ஜோமோ பாலாகத்தான் இருந்திருக்க வேண்டும். தயிருக்கும் அவர்கள் ‘ஜோ’ என்கிற மாதிரிதான் சொல்கிறார்கள். கொஞ்சம் ஜோ வேண்டும் என்று நான் கேட்டதற்கு அந்த மேய்ப்பர் பாட்டி சிரித்த சிரிப்பு எனக்கு ரொம்ப நேரம் விளங்கவில்லை. மோருக்கு ‘தாரா’. அதைக் கேட்டால் குழப்பம் வராது.

தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகலாமா? என் கணவர் “அதெல்லாம் மன பலம்” என்கிறார்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கணவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

2016இல் எங்கள் குழுவில் ஒருவர். ஓட்டப் பந்தயமெல்லாம் ஓடுகிறவர், வயது முப்பத்தைந்துக்குள். தச்சுங்சேயில் மாலையே அவருக்குத் தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை. இரவு சாப்பிடவில்லை, பசியில்லை என்றார். மறுநாள் நிமாலிங்குக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். இருட்டியதும் வாந்தி. ஒன்பது மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்தவர் குடித்தவர் மாதிரித் தள்ளாடினார். வழிகாட்டி, தரையில் ஒரு கயிற்றை நேராகப் போட்டு, பின்காலின் கட்டைவிரலை ஒட்டி முன்காலின் குதிகாலை வைத்து அடி மேல் அடியாக நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார். அதற்குமேல் யாரும் விவாதிக்கவில்லை. ஒரு குதிரைக்குப் பொதிச் சட்டத்தின் மேல் இரண்டு கம்பளியை மடித்துப் போட்டு அவரை ஏற்றி, குதிரைக்காரர் முன்னால், வழிகாட்டி பக்கத்தில் தாங்கிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் இறங்கினார்கள். ஹங்கர் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டதாம். எழுநூறு, எண்ணூறு மீட்டர் இறங்கியதுமே தெளிந்துவிட்டார், தேநீர் கேட்டாராம். தள்ளாட்டம் என்பது மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம். இன்னும் ஒரு நாள் மேலே இருந்திருந்தால் கதை வேறு.

தலைவலி வந்தால் அதே இடத்தில் தங்குங்கள். வலி போகவில்லை என்றால் கீழே இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமலோடு நுரை வந்தாலும், நடை கோணினாலும் ராத்திரி பகல் பார்க்காமல் அந்த நிமிடமே இறங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்று படுத்த உயரத்தைவிட நாளை படுக்கும் உயரம் ஐந்நூறு மீட்டருக்குள்தான் கூடலாம். நடுவே பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, படுக்கிற இடம்தான் கணக்கு.

டயமாக்ஸ் என்கிற அசிட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். தலைவலியை மூடி மறைக்கிற மாத்திரை இல்லை அது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது, எனவே ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். போட்டால் விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். தலைவலி தெரியாமலிருக்க வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவதுதான் தப்பு. உங்கள் கணவர் அதைத்தான் மன பலம் என்கிறார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் சுத்த சைவம். சோறு கிடைக்குமா?
– ஒரு குடும்பத்தார், கும்பகோணம்

கிடைக்கும். சமையல்காரர் குக்கர் கொண்டு வருகிறாரா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நிமாலிங் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசியை எவ்வளவு நேரம் வைத்தாலும் நறுக்கரிசிதான். பருப்பு கேட்கவே வேண்டாம். குக்கர் இருந்தால் பருப்பு, சோறு, உருளைக்கிழங்குக் கறி தாராளமாக நடக்கும். வழியில் வீடுகளில் துக்பா என்கிற காய்கறி நூடுல்ஸ் சூப் கிடைக்கும். மாவைக் கையால் பிய்த்துப் போட்டுக் காய்களோடு வேகவைக்கும் ‘ஸ்க்யூ’ எனக்கு அதைவிடப் பிடிக்கும். வறுத்த பார்லி மாவுக்கு அங்கே ‘ஙம்பே’ என்று பெயர், நம் சத்துமாவுக்கு அண்ணன். ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெந்நீர் இருந்தால் பசியாறிவிடும்.

வெண்ணெய்த் தேநீரைத் தேநீர் என்று நினைத்து வாயில் வைத்தால் குமட்டும். உப்பு, வெண்ணெய் போட்ட ரசம் என்று நினைத்துக்கொண்டு குடித்துப் பாருங்கள், இரண்டாவது கிண்ணம் கேட்பீர்கள். காலியான கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கடைசி வாய் குடிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

மொத்தச் செலவில் குதிரைக்காரருக்கு எவ்வளவு போகும்? பேரம் பேசலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

கூலி ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு. அது வருஷத்துக்கு வருஷம் மாறும், நான் இங்கே ஒரு எண்ணை எழுதி அதை நீங்கள் அங்கே காட்டிச் சண்டை போட வேண்டாம். பேரத்தைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. திரும்பிப் போகும் நாள்களுக்குக் கூலி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கணவாயைத் தாண்டி ஷங் சும்டோவில் இறங்கி ஜீப்பில் ஏறிவிடுவீர்கள். குதிரைகள் ஜீப்பில் ஏற முடியாது. அவர் வெறும் குதிரைகளை ஓட்டிக்கொண்டு அதே கணவாயை மறுபடி ஏறி, இரண்டு மூன்று நாள் நடந்து ஊருக்குப் போக வேண்டும். அந்த நாள்களுக்கும் கூலி உண்டு என்பதுதான் அங்கே வழக்கம்.

2016இல் எங்களுக்கு ஏற்பாடு செய்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) எங்களிடம் அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, அவரிடம் நான்கு குதிரைக்கு ஒரு நாள் திரும்புகூலிதான் கொடுத்திருந்தது. கடைசி நாள் பேச்சுவாக்கில்தான் தெரிய வந்தது. நாங்கள் ஏழு பேரும் கையிலிருந்ததைப் போட்டு ஈடுகட்டினோம். அன்றிலிருந்து முதல் நாளே வழிகாட்டியையும் குதிரைக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனை நாள், எத்தனை குதிரை, திரும்பும் நாள் எத்தனை என்று கேட்டுவிடுகிறேன். சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள். அன்பளிப்புக் கொடுப்பதானால் அவர் கையில் நேராகக் கொடுங்கள், மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்ல வேண்டாம்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்றும் ஈரோட்டுக்காரர் கேட்டிருக்கிறார். ‘அச்சோ-லே’ என்றால் அண்ணா. ‘லே’ என்பது மரியாதை விகுதி, நம் ‘ங்க’ மாதிரி. அக்காவுக்கு ‘ஆச்சே-லே’, அம்மாவுக்கு ‘ஆமா-லே’, தாத்தாவுக்கு ‘மேமே-லே’. முன்பின் தெரியாதவரையும் முறை வைத்துக் கூப்பிடுகிற ஊர், நமக்குச் சுலபம். ‘ஜுலே’ என்ற ஒரே சொல் வணக்கத்துக்கும் நன்றிக்கும் போய் வருகிறேனுக்கும் ஆகும். 2012இல் நான் ஆச்சே-லேயாக இருந்தேன். 2023இல் ஆமா-லே ஆகிவிட்டேன்.

வழியெல்லாம் கல்சுவர்களும் ஸ்தூபிகளும் இருக்குமாமே. தெரியாமல் தப்பாக நடந்துவிடக் கூடாது என்று பயம்.
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

கோயிலில் வலம் வருகிறவர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. சுவர் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்தால் சரி. ‘மணிச் சுவர்’ என்கிற அந்தக் கல்சுவரின் மேல் அடுக்கியிருக்கும் கற்களில் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தைச் செதுக்கியிருப்பார்கள். யாரோ வேண்டிக்கொண்டு செதுக்கி வைத்த கல். ஞாபகார்த்தமாக ஒன்றை எடுத்துவருகிற வேலை வேண்டாம். பாதையும் சுவரின் இரண்டு பக்கமும் பிரிந்து போகும், இடப்பக்கப் பாதைதான் நன்றாக மிதிபட்டிருக்கும். சுமைக் குதிரைகள்கூட யாரும் ஓட்டாமலே அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. எங்கள் குழுவில் செல்ஃபி எடுத்துக்கொண்டே தப்பான பக்கம் போனவர்கள் மனிதர்கள்தாம்.

மார்க்கா கிராமத்தைத் தாண்டியதும் செங்குத்தான பாறை உச்சியில் தேச்சா மடாலயம் தெரியும். பூட்டியிருக்க வாய்ப்புண்டு. இருந்தாலும் ஏறிப் பாருங்கள், அங்கிருந்து ஆறு போகிற பாதை முழுவதும் தெரியும்.

கணவாயில் கொடிகள் கட்டியிருப்பார்கள். அவற்றுக்கு ‘லுங்தா’ என்று பெயர், காற்றுக் குதிரை என்று பொருள். துணியின் நடுவில் முதுகில் ரத்தினத்தைச் சுமந்துகொண்டு ஒரு குதிரை அச்சாகியிருக்கும். காற்றுக் குதிரைக்கும் பொதிதான்! உச்சி தொட்டதும் குதிரைக்காரர்கள் “கி கி சோ சோ லார்கியாலோ” என்று கத்துவார்கள். தெய்வங்களுக்கு வெற்றி என்று அர்த்தம். நானும் கத்த முயன்றேன், ‘கி கி’ வரைக்கும்தான் மூச்சு வந்தது.

பெண்களுக்குக் கழிப்பறை?
– பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்

இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், மற்றவர்களும் கேட்க நினைத்ததுதான். வீடுகளில் மாடிக் கழிப்பறை இருக்கும். மண் தரையில் ஒரு துளை, மூலையில் மண்ணும் மண்வெட்டியும். போனபின் மண்ணைத் தள்ளிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. மக்கியது வயலுக்கு உரமாகப் போகும். வருஷத்துக்கு நூறு மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்கிற ஊரில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை, நாற்றமும் இல்லை. கூடாரத்தில் தங்கும் இடங்களில் குழி வெட்டித் தனிக் கூடாரம் போடுவார்கள். மாதவிலக்கு நாப்கின்களைக் குழியில் போடாமல் கனமான பையில் கட்டி லே வரை திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்தப் பையைப் பொதிப்பையின் வெளிப்பக்கத்தில் கட்டிவிடலாம், குதிரைக்காரர் எதுவும் கேட்கமாட்டார். குளிரும் உயரமும் சேர்ந்து நாள் முன்பின் ஆகலாம், தயாராகப் போங்கள்.

செல்போன் எடுக்குமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

நம் ஊர் பிரீபெய்டு சிம்மை நம்பி லடாக் போகாதீர்கள், போஸ்ட்பெய்டு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் போனபின் எதையும் நம்ப வேண்டாம். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் எடுத்துப் போவது சட்டப்படி குற்றம்.

மார்க்காவுக்குச் சாலை வந்துவிட்டதாமே. இனி நடந்து என்ன பயன்?
– ஒரு வாசகர், மதுரை

வந்துவிட்டது. 2012இல் இரண்டு நாள் நடந்த தூரத்தை 2023இல் ஜீப்பில் கடந்தோம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, உண்மைதான். ஆனால் அதை நான் வருத்தமாகச் சொன்னபோது மார்க்கா ஆமா-லே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பனிக்காலத்தில் பிரசவ வலி எடுத்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாலை இருக்கிறதே என்று ஒரே நாளில் ஹங்கர் பக்கம் வரை வண்டியில் போய், மறுநாள் நிமாலிங் ஏறிவிடலாம் என்று சில திட்டங்கள் விற்கிறார்கள். மூன்று நாளில் முடிந்துவிடும் என்பதுதான் கவர்ச்சி. முன்பு இரண்டு நாள் நடந்ததே உடம்பு உயரத்துக்குப் பழகுகிற நேரமாக இருந்தது. அதைச் சாலை எடுத்துக்கொண்டது. எனவே அந்த இரண்டு நாளை ஸ்கியுவிலோ மார்க்காவிலோ சும்மா தங்கிக் கழியுங்கள். வீடுகளில் இடம் கிடைக்கும், அக்கம்பக்கம் நடக்கலாம். காலையில் ஆறு இறங்கியிருக்கும். மதியத்துக்கு மேல் வெயிலில் பனி உருகிப் பெருகும். அதனால் தண்ணீரில் இறங்கிக் கடக்க வேண்டிய இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஹங்கருக்கு மேலே இன்னமும் குதிரைகள்தாம். நிமாலிங் வந்து சேர்ந்த மாலையில் வெயில் சாயும்போது காங் யாட்சே சிகரத்தின் பனி மஞ்சளாகி, அப்புறம் செங்கல் நிறமாகும். எதிரே ஆட்டு மந்தை ஓலமிட்டுக்கொண்டு பட்டிக்குத் திரும்பும். மர்மோட் என்கிற குண்டு அணில் வகை, வளைக்கு வெளியே எழுந்து நின்று நம்மைப் பார்த்து விசிலடிக்கும். அதற்கு நடந்துதான் போக வேண்டும்.

குதிரைகளுக்குப் பெயர் உண்டா?
– ஆறாம் வகுப்பு மாணவி, ஒட்டன்சத்திரம்

உண்டு கண்ணு. நம் பக்கம் மாட்டைச் செவலை, மயிலை, காரி என்று நிறத்தை வைத்துக் கூப்பிடுகிறோம் இல்லையா, அங்கேயும் அப்படித்தான். ‘கார்போ’ வெள்ளை, ‘நக்போ’ கறுப்பு, ‘மர்போ’ சிவப்பு. என் ஊறுகாயையும் கல்லையும் சுமந்தது கார்போ. பெயர்தான் வெள்ளை. புழுதியில் புரண்டு புரண்டு, நான் பார்த்த எட்டு நாளும் அது மண் நிறத்தில்தான் இருந்தது.